வால்வுக்காரர் நின்ற இடம்

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் விடும் வால்வு எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அதை மூடியவரும் அவர்தான்.

தார் போட வந்த ஆட்கள், அடியில் ஈரம் இருந்தால் ஜல்லி பிடிக்காது, ஒரு மணி நேரம் அடைத்து வையுங்கள் என்றார்கள். வால்வுக்காரர் அடைத்தார். அடுத்த தெருவில் இன்னொரு வால்வைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், இரும்பு மூடியின் மேல் நாலு விரல் கனத்துக்குத் தார் விழுந்து, ரோலரும் அதன் மேல் இரண்டு நடை போய்விட்டிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். ரோலர் ஓட்டுகிறவரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அது நடந்து பதினேழு நாள் ஆகிறது. கடைசித் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். அதில் ஒன்று அவருடைய அக்கா வீடு. அத்தானுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய் இரண்டு வருடமாகப் படுக்கை. அப்படிப் படுத்திருக்கும் ஆளைப் புண் வராமல் வைத்துக்கொள்ள ஒரு நாளைக்கு எட்டு வாளித் தண்ணீர் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அக்கா அதை இரண்டு தெரு தள்ளிப் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

“நீதானே மூடினே. நீயே திற,” என்பதுதான் அவளுடைய கோரிக்கை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திறப்பதற்கு ஒன்றும் மலையைப் புரட்ட வேண்டியதில்லை. தையல் கடை வாசலில் இருக்கும் மின்கம்பத்திலிருந்து பதினோரு எட்டு எடுத்து வைத்தால் அந்த இடம். அங்கே இரண்டுக்கு இரண்டு அடி தாரைப் பெயர்க்க வேண்டும். ஒரு கடப்பாரை, இரண்டு ஆள், அரை மணி நேரம். சாலையை வெட்டுவதற்குப் பொறியாளரின் கையெழுத்து.

குடிநீர் அலுவலகத்தில் பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“இடம் சரியாத் தெரியுமா?”

“தெரியும் சார். பதினோரு எட்டு.”

பேனா திரும்பவும் மூடிக்குள் போயிற்று.

“உங்களுக்குத் தெரியுது. அதுதான் சிக்கலே. மக்களுக்குத் தெரியுமா?”

“மக்களுக்கு எதுக்கு சார் தெரியணும்? தண்ணி வந்தாப் போதும்னு இருக்காங்க.”

பொறியாளர் சிரித்தார். ஒன்றும் அறியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

“இந்த வருஷத்திலேருந்து எல்லாம் மாறிடுச்சு. பிரச்சனை என்னன்னு மக்களே கண்டுபிடிக்கணும். தீர்வையும் மக்களே சொல்லணும். முடிஞ்சதும் மதிப்பீடும் மக்களே பண்ணணும். பங்கேற்பு முறை. முன்னெல்லாம் நாங்க முடிவெடுப்போம். தப்பாப் போனா எங்க தலை உருளும். இப்ப முடிவெடுக்கறது மக்கள். எவ்வளவு பெரிய முன்னேற்றம் பாருங்க.”

“அப்ப தோண்டறது?”

“தோண்டறது கடைசியில. முதல்ல நீங்க பயிற்சிக்குப் போகணும். மூணு நாள்.”

பயிற்சிக் கூடத்தில் மேசைகள் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் மேல் கீழ் இல்லை என்பது தத்துவம். பம்பு ஓட்டுகிறவர்கள், குழாய் பொருத்துகிறவர்கள், மீட்டர் படிக்கிறவர்கள் என்று இருபத்திரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தோளில் துணிப்பையோடு பயிற்சியாளர் நடுவில் வந்து நின்றார்.

“என்னை சார்னு கூப்பிடாதீங்க. நான் உங்களுக்குக் கத்துக்குடுக்க வரல. உங்ககிட்டேருந்து கத்துக்க வந்திருக்கேன்.”

வால்வுக்காரருக்குப் பக்கத்தில் இருந்த பம்புக்காரர் கையைத் தூக்கினார். “அப்ப நாங்க எதுக்கு வந்திருக்கோம்?”

“அருமையான கேள்வி. குழு என்ன நினைக்குது?”

குழு எதுவும் நினைக்கவில்லை. பயிற்சியாளர் அந்த மௌனத்தையும் சார்ட் பேப்பரில் குறித்துக்கொண்டார்.

பிறகு முதல் விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். தெரிந்தவர் பேசினால் தெரியாதவர் வாய் மூடிப்போகும். ஆகவே தெரிந்தவர் பேசக் கூடாது. இனி யாரும் வால்வுக்காரரோ பம்புக்காரரோ இல்லை, எல்லோரும் எளிதாக்குநர்கள் என்றார். எளிதாக்குநரின் வேலை பதில் சொல்வது அல்ல. மக்களிடமிருந்து பதில் பிறக்கும் வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது.

அன்றைக்குக் கூடத்துக்குள் தாங்க முடியாத புழுக்கம். பயிற்சியாளர் அதையே பாடமாக்கினார். சார்ட்டில் ஒரு மரத்தை வரைந்து, அடிமரத்தில் ‘புழுக்கம்’ என்று எழுதினார். ஐந்தைந்து பேராகப் பிரிந்து அதன் வேர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைகள் குனிந்தன. மார்க்கர்கள் கீச்சிட்டன. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த வால்வுக்காரர் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது. மரங்கள் பறந்தன.

பயிற்சியாளர் கண்களை மூடிக்கொண்டார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

“என்ன பண்ணீங்க?”

“சுவிட்ச் போட்டேன் சார்.”

“இருபத்தோரு பேர் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டிய ஒரு விஷயத்தை அவங்க கையிலேருந்து பிடுங்கிட்டீங்க. அவங்க முகத்தைப் பாருங்க.”

வால்வுக்காரர் பார்த்தார். எல்லோரும் காற்றுக்கு அண்ணாந்து முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளரே போய்ச் சுவிட்சை அணைத்தார். இன்னும் ஒரு மணி பத்து நிமிடத்தில் குழுக்கள் புழுக்கத்தின் வேர்களைக் கண்டுபிடித்துவிட்டன. பராமரிப்புப் பிரிவின் மனப்பான்மை, தகவல் தொடர்பில் இடைவெளி, சிறு வயது வளர்ப்பு. பலத்த கைதட்டல். அதற்குப் பிறகும் யாரும் மின்விசிறியைப் போடவில்லை. போட்டால் மரங்கள் பறந்துவிடும்.

சாப்பாட்டு இடைவேளையில் பம்புக்காரர் சொன்னார். “இதுல ஒண்ணும் கஷ்டம் இல்லை மாப்ள. வாயைத் திறக்காதவன் பாஸ். எங்க வீட்டுல நான் இருபது வருஷமா எளிதாக்குநர்தான்.”

மூன்றாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். வால்வுக்காரருடையதில் ‘தீர்வை நோக்கி அவசரப்படும் இயல்பு உண்டு, கண்காணிப்பு தேவை’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

கண்காணிப்பு ஒரு பெண்மணியின் உருவத்தில் வந்தது. தலைமை அலுவலகத்து மதிப்பீட்டாளர். கடைசித் தெருக் கூட்டத்தன்று தையல் கடை ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டார். எளிதாக்குநர் தானாக ஒரு தகவலைச் சொன்னால் படிவத்தில் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் கூட்டம் செல்லாது. அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து. வால்வுக்காரருக்கு இதை இரண்டு தடவை படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

நான்கு மாதம் என்றால் அத்தானுக்கு ஏறக்குறைய ஆயிரம் வாளி. வால்வுக்காரர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“உங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரலைன்னு நீங்க நினைக்கறீங்க?”

தெரு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

“அதை உங்ககிட்ட கேக்கத்தானே வந்து உக்காந்திருக்கோம்,” என்றார் தையல்காரர்.

“நீங்க என்ன நினைக்கறீங்கன்னுதான்...”

“நான் என்ன நினைக்கறேன்னா, நீங்க சம்பளம் வாங்கறீங்கன்னு நினைக்கறேன்.”

அக்கா முன் வரிசையில் இருந்தாள். “டேய் தம்பி, என்னடா இது? வால்வை மூடினது நீதானே?”

“ஆமா.”

மதிப்பீட்டாளர் ஒரு குறி போட்டார்.

“இல்லக்கா, அது வந்து... வால்வுன்னா உங்களுக்கு என்ன தோணுது?”

“உன் தலையில ஒண்ணு போடணும்னு தோணுது.”

தெரு சிரித்தது. ‘பங்கேற்பாளர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள்’ என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது வரைபடம். மக்களே சாக்பீஸை வாங்கித் தங்கள் பகுதியைத் தரையில் வரைய வேண்டும். நிழல் இருந்தது தையல் கடை வாசலில் மட்டும்தான். ஆகவே அங்கே, புதுத் தாரின் மேலேயே, பத்தடிக்குப் பத்தடி ஒரு கட்டம் போட்டார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்தவர் தெருவில் எல்லோரும் ‘ரிட்டயர்டு’ என்று கூப்பிடும் பெரியவர். தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் கட்டத்தின் நடுவில் தபால் நிலையத்தை வரைந்தார். ஜன்னல், தபால் பெட்டி, வாசல்படி எல்லாம் வைத்து வரைந்து முடித்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் மற்ற தெருக்களை நெருக்கி அடைத்தார். கடைசித் தெருவுக்கு ஒரு மூலைதான் கிடைத்தது.

வால்வுக்காரர் மின்கம்பத்தைப் பார்த்தார். மனதுக்குள் எட்டு வைத்து எண்ணினார். வால்வு இந்தப் படத்துக்கு நேர் கீழே இருந்தது. படத்தின் நடுவில்.

சொல்லக் கூடாது என்றுதான் விதி. நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை. அவர் போய் அந்த இடத்தில் நின்றார். நகரவே இல்லை. நிழல் விலகி வெயில் வந்தது. அப்போதும் நின்றார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு முறை கால் மாற்றுவது போலக் குதிகாலால் தரையைத் தட்டினார். ‘உடல்வழிக் குறிப்பு’ என்று மதிப்பீட்டாளர் இரண்டாவது குறியைப் போட்டார்.

அக்காதான் முதலில் கவனித்தாள். “அவனைப் பாருங்க. கொளுத்தற வெயில்ல ஒரே இடத்துல நிக்கறான். சும்மா நிக்கற ஆள் இல்ல அவன்.”

எல்லோரும் அவருடைய காலைப் பார்த்தார்கள்.

“அண்ணே, நீங்க நிக்கற இடம்தானா?” என்றார் தையல்காரர் குரலைத் தாழ்த்தி.

வால்வுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். தெருவுக்குப் புரிந்துவிட்டது. தங்களுக்காகக் கஷ்டப்படும் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்காமல் விஷயத்தை முடிக்க வேண்டும் என்று அவர்களுக்குள் கண்ஜாடையிலேயே தீர்மானமாயிற்று. ரிட்டயர்டு குனிந்து வால்வுக்காரருடைய இரண்டு செருப்பையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“வால்வு இங்கதான் இருக்கும்னு நாங்க ஒருமனதா நினைக்கறோம்,” என்று மதிப்பீட்டாளரைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

வால்வுக்காரர் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். வட்டத்துக்குள், அவருடைய இரண்டு செருப்புக்கும் நடுவில், தபால் நிலையத்தின் வாசல்படி இருந்தது.

“அது...” என்றார்.

மதிப்பீட்டாளரின் பேனா உயர்ந்தது. ஆயிரம் வாளி. அவர் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் வெற்றி என்று அறிவித்தார்கள். மதிப்பீட்டாளர் நாற்காலி மேல் ஏறிப் படத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வால்வுக்காரர் பொறியாளர் மேசை முன்னால் நின்றார்.

“சார், மேப்பு தப்பு.”

“மக்கள் வரைஞ்சதைத் தப்புங்கறீங்களா?”

“மக்கள் தப்பில்ல சார். நான் நின்னது ரோட்டு மேல. அவங்க குறிச்சது மேப்பு மேல. அங்க தோண்டினா ஒண்ணும் இருக்காது.”

“பாருங்க,” என்றார் பொறியாளர் கனிவாக. “தப்போ சரியோ, அது அவங்களுடையது. நிபுணர் கை பட்டா அதோட புனிதம் போயிடும். நான் படிச்ச படிப்பையும் இருபத்தாறு வருஷ அனுபவத்தையும் ஓரமா வெச்சுட்டு உக்காந்திருக்கேன். எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? நீங்களும் வெச்சுடுங்க.”

தபால் நிலைய வாசலில் தோண்டினார்கள். இரண்டடியில் மண். மூன்றடியிலும் மண். நான்காவது அடியில் கடப்பாரை எதிலோ டங்கென்று மோதியது. தோண்டியவர்கள் வால்வு என்று நினைத்து இன்னும் இரண்டு போடு போட்டார்கள். மூன்று தெருக்களுக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து, தபால் நிலையப் பலகை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. வால்வுக்காரர் ஓடிப்போய் அந்தக் குழாய்க்கு உண்டான வால்வை அடைத்தார். இப்போது தண்ணீர் வராத தெருக்கள் நான்கு.

வேலை நடந்திருக்கிறது, ஆகவே விதிப்படி மதிப்பீடும் நடந்தாக வேண்டும். அதுவும் பங்கேற்பு முறையில். ஒரு வாரம் கழித்து நான்கு தெரு மக்களும் தையல் கடை வாசலில் கூடினார்கள். ‘மக்களே தீர்வு கண்ட தெரு’ என்று எழுதிய பலகை ஒன்று வந்திருந்தது. அதை நடுவதற்குக் கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் சிரிக்கும் முகம், ஒன்றில் சும்மா இருக்கும் முகம், ஒன்றில் அழும் முகம். ஆளுக்குப் பத்துப் பட்டாணி. நடந்ததைப் பற்றிய மனநிலைக்கு ஏற்ப அவற்றைக் கிண்ணங்களில் பிரித்துப் போட வேண்டும்.

கடையில் வறுத்த பட்டாணிதான் கிடைத்திருந்தது.

பொறியாளர் மைக்கைப் பிடித்தார். “இதே இடத்துல முதல் கூட்டத்துக்கு வந்தது ஐம்பது பேர். இன்னிக்கு இருநூறு பேர் வந்திருக்கீங்க. அன்னிக்கு ஒரு தெருவோட பிரச்சனையா இருந்தது, இன்னிக்கு நாலு தெருவோட பிரச்சனையா வளர்ந்திருக்கு. பங்கேற்பு நாலு மடங்கு ஆகியிருக்கு. இந்த அலுவலகம் தனியா உக்காந்து வேலை பாத்திருந்தா இதைச் சாதிச்சிருக்க முடியுமா?”

முடியாது என்பதை யாரும் மறுக்கவில்லை. பேச்சு நீண்டது. மக்கள் மதிப்பீட்டைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்ணங்களை எண்ணியபோது அழும் முகத்தில் ஆறே ஆறு பட்டாணி. சிரிக்கும் முகத்தில் ஒன்பது. அவை பல் இல்லாத ரிட்டயர்டு கடிக்க முடியாமல் துப்பிப் போட்டவை. மகிழ்ச்சி முன்னணியில் இருப்பதாகப் பயிற்சியாளர் அறிவித்தார்.

அக்கா தன் பட்டாணியைத் தின்னவும் இல்லை, போடவும் இல்லை. கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து தம்பியிடம் வந்தாள்.

“அன்னிக்கு எங்கடா நின்னே நீ?”

“அக்கா, நீங்க என்ன நினைக்க...”

“செருப்பால அடிப்பேன். வாயை மூடு. நான் பேசறேன். நீ மேப்பு மேல நிக்கல. மேப்பு உன் காலுக்குக் கீழ வந்துச்சு, அவ்வளவுதான். நீ ரோட்டு மேல நின்னே. தையல் கடைப் படிக்கு நேரா. வெயில் வந்ததும் உன் நிழல் என் மேல விழுந்துச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு.”

மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார். வால்வுக்காரருக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதற்கும் குறி உண்டோ என்று அடக்கிக்கொண்டார்.

அக்கா பட்டாணியைத் தரையில் வீசிவிட்டு, பலகை நட வந்தவர்களிடமிருந்து கடப்பாரையை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் குத்தில் தார் லேசாக நெளிந்தது. இரண்டாவது குத்தில் தையல்காரர் வந்து, “குடுங்கக்கா,” என்று கை வைத்தார். பொறியாளர் மைக்கில், “பேச்சு இன்னும் முடியல,” என்றார். ஏழாவது குத்தில் இரும்பு மூடி தெரிந்தது.

“யார் சொன்னது? எளிதாக்குநர் சொன்னாரா?” என்று மதிப்பீட்டாளர் ஓடி வந்தார்.

“அவனா?” என்றாள் அக்கா. “அவன் வாயில என்ன இருக்குன்னே ஒரு மாசமா எனக்குத் தெரியல.”

வால்வுக்காரர் சைக்கிளிலிருந்து நீளச் சாவியை எடுத்து வந்து வால்வில் மாட்டினார். இருபத்திரண்டு சுற்று. கடைசித் தெருவின் குழாய்கள் முதலில் காற்றைத் துப்பின. பிறகு செம்மண் நிறத்தில் ஒழுகின. பிறகு தண்ணீர் வந்தது. பயிற்சியாளர் கண் கலங்கி, இதுதான் பங்கேற்பு, இதைத்தான் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். குலுக்குவதற்கு அக்காவைத் தேடியபோது அவள் அங்கே இல்லை. வீட்டுக்குள், அத்தானைப் புரட்டி ஒருக்களித்துப் போட்டு, முதுகைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முறை வெற்றி பெற்றுவிட்டதால் அதை விரிவுபடுத்தும்படி உத்தரவு வந்தது. மற்ற மூன்று தெருக்களுக்கும் வால்வுக்காரரே எளிதாக்குநர். பொறியாளரிடம் போய், “சார், அங்க குழி திறந்தே கிடக்கு. குழாய் உடைஞ்சிருக்கறது கண்ணுக்கே தெரியுது. ஒரு துண்டு குழாய், ரெண்டு பக்கமும் இணைக்க ரெண்டு கப்ளிங், சரி பண்ணிடலாம்,” என்றார். துண்டுக் குழாயும் கப்ளிங்கும் ஸ்டோரில் இருக்கின்றன, மக்கள் கேட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பொறியாளர். கேட்பதற்கு முன்னால் பிரச்சனையை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே தபால் நிலைய வாசலில், குழியைச் சுற்றி, வட்டமாக நாற்காலிகள். மதிப்பீட்டாளரின் மடியில் புதுப் படிவம். வால்வுக்காரர் ஸ்டோர்க்காரரிடம் கெஞ்சி வாங்கிய துண்டுக் குழாயையும் கப்ளிங்கையும் சைக்கிளில் கட்டி வைத்துவிட்டு வந்து நின்றார்.

“உங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரலைன்னு நீங்க நினைக்கறீங்க?”

முன்னால் இருந்த ஒரு பெண் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். “நீங்க தோண்டி உடைச்சதாலதான்.”

வால்வுக்காரர் மதிப்பீட்டாளரைத் திரும்பிப் பார்த்தார். குறி எதுவும் விழவில்லை. அவருக்கு மூச்சு வந்தது. “கண்டுபிடிச்சுட்டாங்க மேடம். அவங்களேதான்.”

மதிப்பீட்டாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு நிமிஷம்கூட ஆகல. கூட்டம் குறைஞ்சது மூணு மணி நேரம் நடக்கணும். வரைபடம் இல்ல, மரம் இல்ல, குழு விவாதம் இல்ல. மத்தவங்க பங்கேற்கறதுக்கு முன்னாலேயே பதில் வந்துடுச்சு. இது செல்லாது.”

“அப்ப?”

“அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சு.”

நாற்காலியில் இருந்தவர்கள் வால்வுக்காரரைப் பார்த்தார்கள். சிலர் காலடியில் காலி வாளி வைத்திருந்தார்கள். வால்வுக்காரர் சட்டையைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். துண்டுக் குழாயை அவிழ்த்தார். அறுக்கும் பிளேடை வாயில் கவ்விக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

“என்ன பண்றீங்க நீங்க?” என்று மேலிருந்து மதிப்பீட்டாளர் கேட்டார்.

அவர் பிளேடை வாயிலிருந்து எடுத்தார்.

“தெரியல மேடம். எல்லாரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க.”

உடைந்த குழாயை அறுக்கும் சத்தம் மேலே கேட்டது. மதிப்பீட்டாளர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எளிதாக்குநர் வேலை செய்தால் எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று அதில் எங்கேயும் இல்லை.